முப்பத்தாறு பெண்களும் ஒரு வட்டமும்

முப்பத்து மூன்று வருஷம் காலேஜில் எகனாமிக்ஸ் சொல்லிக்கொடுத்தவள் நான். அத்தனை வருஷத்தில் ஒரே ஒரு வகுப்பில்தான் எல்லா மாணவிகளும் தயங்காமல் எழுந்து பேசினார்கள். அந்த வகுப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது மடல் சூடாகிவிடும். யாராவது என்னை நல்ல டீச்சர் என்று புகழ ஆரம்பித்தால், 'ஐயோ பாவம், இவருக்கு அந்த விஷயம் தெரியாது போலிருக்கிறது' என்று உள்ளுக்குள் திருட்டு முழி முழிப்பேன். தெரியாதவர்களுக்கு நானே சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் சொல்லிக் கேட்பதைவிட அது எவ்வளவோ மேல். (அவர் சொன்னால் நடித்தும் காட்டுவார்.)

அறுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்து நாலு வயது. பெங்களூர் கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பெண்கள் காலேஜில் தற்காலிக லெக்சரராக இருந்தேன். தற்காலிகம் என்றால், மார்ச் மாதம் பிறந்ததும் "அடுத்த வருஷம் தேவைப்பட்டால் தெரிவிக்கிறோம்" என்று ஒரு கடிதம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஜூன் வரைக்கும் தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி இரண்டு ஜூன் பார்த்தாயிற்று.

வீடு லிங்கராஜபுரத்தில். அப்பா நான் பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே தவறிவிட்டார். அம்மா தையல் மெஷினை மிதித்து மிதித்தே என்னை எம்.ஏ. வரைக்கும் கொண்டுவந்தாள். ராத்திரி தூங்கும்போதுகூட அவள் கால் ஆடும். அந்தக் கால் ஓய வேண்டுமென்றால் என் வேலை நிரந்தரமாக வேண்டும். வேறு எந்த ஆசையும் எனக்கு அப்போது இல்லை.

அந்த வருஷம் பிரின்சிபால் மிஸ் சாமுவேல் என்னைக் கூப்பிட்டார். கல்லூரி ஆசிரியர்களுக்குப் புதிய போதனை முறைகளில் பத்து நாள் பயிற்சியாம். எங்கள் காலேஜ் ஹாலிலேயே நடக்குமாம். கடைசி நாட்களில் ஆளுக்கொரு மாதிரி வகுப்பு எடுத்துக்காட்ட வேண்டுமாம். "அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் உன்னை நிரந்தரம் செய்வதா வேண்டாமா என்று நிர்வாகக் குழு முடிவு செய்யும், கிரேஸ்" என்றார். அவர் எப்போதும் ஆங்கிலத்தில்தான் பேசுவார். கெட்ட செய்தியும் அதில் மரியாதையாகத்தான் வரும்.

இதை நான் வீட்டில் சொல்லாமல் இருந்திருக்க வேண்டும். சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாஸ்டர் காணிக்கைப் பட்டியலை வாசித்தார். "சகோதரி எஸ்தர், தன் மகள் கிரேசுக்கு நிரந்தர வேலை கிடைத்ததற்காக ஸ்தோத்திரக் காணிக்கை." எனக்குப் பாட்டுப் புத்தகம் கையிலிருந்து நழுவியது. ஆராதனை முடிந்து வெளியே வந்தால் ஆளாளுக்குக் கை குலுக்குகிறார்கள்.

"அம்மா! இன்னும் கிடைக்கவே இல்லையேம்மா!"

"நீ சும்மா இருடி. விசுவாசம்னா இன்னா? கிடைக்கறதுக்கு மின்னாடியே நன்றி சொல்றதுதான். ஆண்டவருக்கே தெரிஞ்சுபோச்சு, உங்க காலேஜுக்குத் தெரியாம பூடுமா?"

இப்படியாக, நான் பயிற்சி ஹாலில் காலடி வைக்கும் முன்பே சபை முழுக்க எனக்காகச் சாட்சி சொல்லிவிட்டது.

பயிற்சி கொடுக்க வந்தவர் டாக்டர் சேஷகிரி. வெளிநாட்டில் படித்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். வேகாத வெயிலிலும் கோட்டைக் கழற்ற மாட்டார். முதல் நாள் மேடையேறி, "ஆசிரியர் நின்று பேசுவதும் மாணவர் உட்கார்ந்து எழுதுவதும் இன்றோடு ஒழிய வேண்டும்" என்றார். இதை விளக்கி இரண்டரை மணி நேரம் அவர் நின்று பேசினார். நாங்கள் முப்பத்தோரு லெக்சரர்களும் உட்கார்ந்து எழுதினோம்.

என் பக்கத்தில் கிருஷ்ணப்பா சார். நகரத்தின் அந்தக் கோடியில் ஓர் ஆண்கள் காலேஜில் சரித்திரம் நடத்துகிறவர். வேலைக்குச் சேர்ந்த வருஷம் எழுதிய நோட்ஸையே இருபது வருஷமாக வாசித்துக்கொண்டிருந்தார். கன்னடக்காரர்தான், ஆனால் தமிழ் தண்ணீர்பட்ட பாடு.

"ஏனம்மா கிரேஸ்," என்று காதோடு சொன்னார், "பேசாதீங்க பேசாதீங்கன்னே மனுஷன் எவ்ளோ பேசறாரு நோடு, பாரேன்!"

டாக்டர் சேஷகிரிக்கு உயிர், கலந்துரையாடல் முறை. ஆசிரியர் ஒரு பேச்சைத் தொடங்கிவைத்துவிட்டு ஒதுங்கிவிட வேண்டும். மாணவர்களே கேட்க வேண்டும், மாணவர்களே பதில் சொல்ல வேண்டும், மாணவர்களே மறுக்கவும் வேண்டும். மாதிரி வகுப்பில் ஆசிரியர் ஐந்து நிமிஷத்துக்கு மேல் வாய் திறந்தால் மார்க் குறையும்.

என் மாணவிகளை அவருக்குத் தெரியாது. தங்கமான பெண்கள், ஆனால் 'பிரசென்ட் மிஸ்' என்பதைத் தவிர அவர்கள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. "ஏதாவது சந்தேகம் உண்டா?" என்றால் முப்பத்தாறு தலைகளும் நோட்டுக்குள் போய்விடும். டிக்டேஷன் நடுவில் நான் தும்மினால், அது கமாவுக்கு முன்னாலா பின்னாலா என்று பக்கத்தில் கேட்டு எழுதிக்கொள்வார்கள். இருந்தாலும் நேர்மையாக ஒரு நாள் முயன்று பார்த்தேன். "இன்றைக்கு நான் பேசப் போவதில்லை. நீங்கள்தான் கேட்க வேண்டும்" என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பத்து நிமிஷம் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் ஒருத்தி எழுந்தாள். எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது.

"மிஸ், இதுக்கு மார்ஜின் போடணுமா?"

அன்று ராத்திரி என் மூளை வேலை செய்தது. (அது அன்றைக்கு லீவு போட்டிருக்கக் கூடாதா!) இந்தப் பெண்களுக்குப் பேசத் தெரியாது, சரி. சொன்னதை எழுதத் தெரியும், எழுதியதை உருப்போடத் தெரியும். அப்படியானால் கலந்துரையாடலையே டிக்டேட் செய்துவிட்டால் என்ன?

பாடம் இதுதான்: ஒரு பொருளை அடுத்தடுத்து அனுபவிக்க அனுபவிக்க, அதில் கிடைக்கும் திருப்தி குறைந்துகொண்டே போகும். உதாரணத்துக்கு மசாலா தோசையை எடுத்துக்கொண்டேன். முப்பத்தாறு பெண்களுக்கும் ஆளுக்கொரு வரி. ஒருத்தி கேட்பாள், ஒருத்தி பதில் சொல்வாள், ஒருத்தி கோபமாக மறுப்பாள். 'இங்கே நெற்றியைச் சொறிந்து யோசிக்கவும்', 'இங்கே எல்லோரும் கை தட்டவும்' என்பதுவரை டிக்டேட் செய்தேன். 'மிஸ் கையை உயர்த்தினால் இன்னும் உரக்கப் பேசவும்' என்றும் ஒன்று. எல்லாவற்றையும் சிவப்பு மையால் அடிக்கோடு போட்டு எழுதிக்கொண்டார்கள்.

வரிசை குழம்பாமலிருக்கவும் ஒரு வழி கண்டுபிடித்தேன். "உங்களுக்கு இடது பக்கம் இருக்கிறவள் பேசி உட்கார்ந்ததும் நீங்கள் எழுந்திருக்க வேண்டும். வேறு எதையும் யோசிக்கக் கூடாது. பெஞ்ச் முடிந்தால் பின் பெஞ்சின் முதல் பெண்." ஏழு நாள், தினம் இரண்டு பீரியட் ஒத்திகை. ஏழாம் நாள் கேட்டபோது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, இவர்கள் நிஜமாகவே விவாதிக்கிறார்களோ என்று.

என் வேலை இதில்தான் தொங்குகிறது என்பது அந்தப் பெண்களுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. ரோகிணி என்று ஒருத்தி, நீலசந்திராவிலிருந்து வருகிறவள், வராந்தாவில் என்னை நிறுத்தினாள். "கவலைப்படாதீங்க மிஸ். ஒரு வரிகூட விட்டுப்போகாது. நாங்க பாத்துக்கறோம்." எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த நாளும் வந்தது. பின்னால் முப்பது நாற்காலிகளில் லெக்சரர்கள். நடுவில் மிஸ் சாமுவேல். டாக்டர் சேஷகிரி நோட்டுப் புத்தகமும் பேனாவுமாக நின்றார். என் பெண்கள் தலையைப் படிய வாரி, பெஞ்சுகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் வாய் திறக்கப் போன சமயம், "ஒரு நிமிஷம்" என்றார் அவர்.

"ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டு எப்படி விவாதிப்பது? பெஞ்சையெல்லாம் ஓரமாகத் தள்ளுங்கள். அதோ அடுக்கியிருக்கும் நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள்."

"சார், ரோல் நம்பர் வரிசையிலேயே இருக்கட்டுமே. அட்டெண்டன்ஸ் எடுக்க வசதி..." என்று இழுத்தேன்.

"வட்டத்தில் முதல் ஆள், கடைசி ஆள் என்று யாரும் கிடையாது அம்மா. அதுதான் அதன் அழகு!" என்றார்.

முப்பது லெக்சரர்களும் உற்சாகமாக நாற்காலி இழுத்தார்கள். பெண்கள் கிடைத்த இடத்தில் உட்கார்ந்தார்கள். நான் அட்டெண்டன்ஸ் எடுத்தேன். முப்பத்தாறு 'பிரசென்ட் மிஸ்' வந்தது. (நான் ரிஜிஸ்டரிலிருந்து தலையைத் தூக்குவதில்லை. அப்போதெல்லாம் யாருமே தூக்குவதில்லை.)

"ஒருத்தி நல்ல பசியோடு ஹோட்டலுக்குப் போய் மசாலா தோசை சாப்பிடுகிறாள். அவளுக்கு எப்படியிருக்கும்?" என்று ஆரம்பித்துவைத்தேன். (எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. மானம் போன கதையைத் தாய்மொழியிலாவது சொல்லிக்கொள்கிறேன்.)

ரோல் நம்பர் ஒன்று எழுந்தாள். "மிஸ், முதல் தோசை அவளுக்கு மிகுந்த திருப்தி தரும்." உட்கார்ந்தாள். அட, நன்றாகத்தான் போகிறது!

அவளுக்கு அடுத்து வலது பக்கம் இருந்தது ரோல் நம்பர் இருபத்தொன்பது. இடது பக்கத்துக்காரி உட்கார்ந்துவிட்டாள், எனவே இவள் எழுந்தாள். "ஆகவே, மேற்கூறிய காரணங்களால், இந்த விதி பணக்காரருக்கும் பொருந்தும் என்பது தெளிவாகிறது."

அடுத்தவள் மேஜையைத் தட்டுவதற்குப் பதில் தன் தொடையைத் தட்டிக்கொண்டு கோபமாக, "இதை நான் வன்மையாக மறுக்கிறேன்!" என்றாள். அதற்கடுத்தவள் நெற்றியைச் சொறிந்து யோசித்துவிட்டு, "அப்படியானால் ஐந்தாவது தோசையை யார் சாப்பிடுவது?" என்று கேட்டாள். மூன்றாவது நிமிஷத்தில் ரோல் நம்பர் முப்பத்தாறு எழுந்து, "இத்துடன் இந்த விவாதம் இனிதே முடிகிறது. வாய்ப்பளித்த மிஸ் அவர்களுக்கு நன்றி" என்றாள். நோட்டில் இருந்தபடி எல்லோரும் கை தட்டினார்கள். கைதட்டல் ஓய்ந்ததும் அடுத்தவள் எழுந்து, "இனி இரண்டாவது தோசைக்கு வருவோம்" என்றாள்.

டாக்டர் சேஷகிரி எழுதுவதை நிறுத்திவிட்டார். சுற்று ரோகிணியிடம் வந்தது. அவள் தன் வரியைக் கணீரென்று சொல்லி உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்தில் மறுபடி எழுந்தாள். தலையைக் குனிந்துகொண்டு, ஜலதோஷம் பிடித்த மாதிரி மெல்லிய குரலில், "ரோகிணி சொல்வதை நான் ஏற்கவில்லை. அவள் சரியாக யோசிக்கவில்லை" என்றாள்.

அது பத்மாவின் வரி. வட்டத்தில் பத்மா இல்லை. அந்த மூக்கடைத்த குரலை நான் நன்றாக அறிவேன். அந்த டேர்மில் பத்மாவின் பேரைக் கூப்பிட்டால் பாதி நாள் 'பிரசென்ட் மிஸ்' என்று வந்தது அந்தக் குரல்தான். டாக்டர் சேஷகிரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு நாற்காலிகளை எண்ண ஆரம்பித்தார். நான் சுவரில் ஏதாவது கதவு முளைக்குமா என்று பார்த்தேன்.

எப்படியோ சுற்று முடிந்தது, தப்பித்தோம் என்று நினைத்தேன். வட்டத்துக்கு ஏது முடிவு! ரோல் நம்பர் ஒன்றின் இடது பக்கத்துக்காரி பேசி உட்கார்ந்தாள். ரோல் நம்பர் ஒன்று சொன்ன சொல் தட்டாமல் எழுந்தாள். "மிஸ், முதல் தோசை அவளுக்கு மிகுந்த திருப்தி தரும்."

"போதும்" என்று கையை உயர்த்தினேன். நான்தானே டிக்டேட் செய்திருந்தேன், மிஸ் கையை உயர்த்தினால் இன்னும் உரக்கப் பேச வேண்டுமென்று! இரண்டாவது சுற்று தெருவுக்கே கேட்டது. நான் பதறிப்போய் இரண்டு கையையும் உயர்த்தினேன். "வன்மையாக மறுக்கிறேன்" என்றவள் கத்திய கத்தலில் ஜன்னலோரம் இருந்த காகங்கள் பறந்தன.

"ஸ்டாப்!" என்றார் டாக்டர் சேஷகிரி. எழுந்திருக்கத் தயாராக நாற்காலி நுனியில் இருந்த விமலாவைப் பார்த்தார். விமலா வகுப்பிலேயே கெட்டிக்காரி. பொய் சொல்லத் தெரியாத பெண்.

"நீ சொல்லம்மா. நோட்ஸெல்லாம் இருக்கட்டும். உனக்கு நாலாவது தோசையைக் கொடுத்தால் சாப்பிடுவாயா?"

விமலா என்னைப் பார்த்தாள். ஃபேனைப் பார்த்தாள். பிறகு பணிவாகச் சொன்னாள்: "சார், அது என் கேள்வி இல்லை. என் கேள்வி பதினொன்று. நாலாவது தோசை சரஸ்வதியுடையது."

முப்பது லெக்சரர்களும் வெடித்துவிட்டார்கள். கிருஷ்ணப்பா சார் நாற்காலியிலிருந்து பாதி கீழே வந்துவிட்டார். மிஸ் சாமுவேல் கைக்குட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அழுகிறார் என்றே நினைத்தேன்.

டாக்டர் சேஷகிரி மட்டும் சிரிக்கவில்லை. "எத்தனை நாள் ஒத்திகை?" என்று என்னைக் கேட்டார். ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். "ஏழு நாள் சார். தினம் ரெண்டு பீரியட். எல்லாம் நான்தான் டிக்டேட் பண்ணினேன். பிள்ளைகள் மேல் தப்பில்லை" என்றேன். அவர் குனிந்து நெடுநேரம் எழுதினார்.

எல்லோரும் கலைந்ததும் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு அழுதார்கள். ரோகிணிக்கு மூச்சே வரவில்லை. "பத்மாவுக்கு ஜுரம் மிஸ். அவ வரி விட்டுப்போச்சுன்னா உங்க வேலை போயிடுமேன்னுதான்..." இவளை என்ன செய்வது! பாதி டேர்ம் என்னை ஏமாற்றியதற்குத் திட்ட வேண்டுமென்று வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. அந்த நிமிஷம் அந்த முப்பத்தைந்து அசடுகள் மேல் எனக்கு இருந்த பிரியத்தைச் சொல்லி முடியாது.

கிருஷ்ணப்பா சார் வாசலில் காத்திருந்தார். "மனசுல வெச்சுக்காதே தாயீ. என் கிளாஸ்ல இருபது வருஷத்துல ஒரு பயலும் வாய் திறந்ததில்ல" என்று ஆறுதல் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த லிஸ்ட் ஒரு காப்பி குடுப்பியா? நாளைக்கு என் முறை. தோசையை எடுத்துட்டு அசோகரைப் போட்டுக்கறேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மெஷின் நின்றது.

"அப்போ நான் சபைக்கு மின்னாடி பொய் சொல்லிட்டேனாடி?" என்றாள். கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. மெதுவாகக் கேட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தலைவலி என்று படுத்துக்கொண்டேன். அம்மா தனியாகப் போய்விட்டு வந்தாள். "புது வேலை எப்படியிருக்குன்னு கேட்டாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, சேலைகூட மாற்றாமல் மெஷினில் போய் உட்கார்ந்து மிதிக்க ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமை அவள் மெஷினைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை. முப்பது லெக்சரர்களின் சிரிப்பு அப்படி வலிக்கவில்லை. இது வலித்தது.

மூன்று வாரம் கழித்து மிஸ் சாமுவேல் கூப்பிட்டார். மேஜையில் ரிப்போர்ட். "வாசிக்கிறேன், உட்கார்" என்றார். "'கலந்துரையாடல் முறையில் இவர் தேறவில்லை. கேட்டதும் உண்மையைச் சொல்லிவிட்டார். அடுத்த பயிற்சிக்கு மறுபடி அனுப்பவும்.' அவ்வளவுதான் எழுதியிருக்கிறார்."

நான் எழுந்து நின்றுவிட்டேன். "உட்கார் என்றேனே" என்றார். "போன வருஷம் காலேஜ் டே நாடகம் ஞாபகமிருக்கிறதா? ராஜாவுக்கு வசனம் மறந்துபோய், மந்திரியைப் பார்த்து 'நீயே சொல்லிவிடு' என்றாள். மந்திரிக்கும் தெரியவில்லை. நான் தலைமை விருந்தாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்." கைக்குட்டை மறுபடி வெளியே வந்தது. இந்தத் தடவைதான் எனக்குத் தெரிந்தது, அன்றைக்கும் அது அழுகை இல்லை. "நாற்காலியை மாற்றியும், ஒருத்தி வராமலும், ஒரு வரி பிசகவில்லையே கிரேஸ்! இரண்டு தடவை! குழுவிடம் நான் பேசிவிட்டேன். உன்னை நிரந்தரம் செய்கிறோம். ஆனால் இனி ஒவ்வொரு வருஷமும் காலேஜ் டே நாடகம் உன் பொறுப்பு. மறுபேச்சு கிடையாது."

பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் பாதி தூரம் ஓடியே வந்தேன். அம்மா வேலை ஆர்டரை வாங்கி, ஆங்கிலம் தெரியாவிட்டாலும் மேலிருந்து கீழே வரை விரலை ஓட்டிப் பார்த்தாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் நிபந்தனையைச் சொன்னேன். அவள் முகம் மாறியது.

"ஏண்டி, உனக்கு நாடகம் போடத் தெரியுமா?"

நான் நாடகத்தில் நடித்ததெல்லாம் கிறிஸ்துமஸுக்கு ஒரே ஒரு தடவை. அதுவும் ஆடாக. மூன்று வாரமாக எந்த வாக்கியத்தை நினைத்து நினைத்துத் தலையணையை நனைத்தேனோ அது தானாக என் வாயில் வந்தது.

"அம்மா, அது என் கேள்வி இல்லை."

அம்மா ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், மெஷின் மேலிருந்த யூனிஃபார்ம் துணியெல்லாம் தரையில் சரிந்தது. அப்பா போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நானும் தரையில் உட்கார்ந்து சிரித்தேன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

அதிலிருந்து இந்த வீட்டில் யாரையும் எதுவும் கேட்க முடிவதில்லை. குழாயை மூடாமல் போனது யார்? அது என் கேள்வி இல்லை. கரண்ட் பில் எங்கே? அது என் கேள்வி இல்லை. என் வீட்டுக்காரர் சொல்கிறார், பிள்ளைகள் சொல்கிறார்கள், பல் முளைக்காத பேத்திகூடக் கையை விரித்துக் காட்டுகிறாள்.

அம்மாவுக்கு எண்பது வயதில் ஒரு தடவை உடம்புக்கு மிகவும் முடியாமல் போனது. டாக்டர் கையை விரித்துவிட்டார். நாங்கள் கட்டிலைச் சுற்றி அழுதுகொண்டு நிற்கிறோம். பாஸ்டர் வந்து ஜெபம் செய்துவிட்டு, குனிந்து, "எஸ்தரம்மா, ஆண்டவர்கிட்ட போறதுக்கு ஆயத்தமா இருக்கீங்களா?" என்று கேட்டார்.

அம்மா ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "அது என் கேள்வி இல்லீங்க பாஸ்டர்" என்றாள்.

பாவம், பாஸ்டருக்கு ஒன்றும் புரியவில்லை. நாங்கள் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டோம். அம்மா அதற்கப்புறம் நாலு வருஷம் இருந்தாள்.